சங்கம் மெலிந்தது ஏன்?



வைசாலி மாநகரின் மகாவனத்துக் கூடகாரசாலையில் பகவான் புத்தர் எழுந்தருளியிருந்த காலத்து நிகழ்ந்த ஒரு செய்தியை விநயபிடகம் மறைக்காமல் எடுத்துரைக்கின்றது. கேட்பதற்குக் கசப்பான செய்திதான். ஆயினும், மனம் சோர்ந்து வாழ்வை வெறுக்கும் நம் இளைஞர்களைப் பற்றி நாம் சிந்திக்கப் புகும்போது, அதனினும் பொருத்தமான போதனை வேறு கிடைத்தல் அரிது. ஆதலின் அதனையே இவ்வுபதேசத்திற்கு முதலாக எடுத்துக்கொண்டோம்.

உடலின் அழகின்மையைச் சிந்திக்கும் அசுப தியானத்தைப் பிக்குகளுக்கு விளக்கிய பின், பகவர் 15 நாள் தனித்திருக்கச் சென்றார். உணவு கொண்டு செல்பவரன்றி வேறெவரும் அவரை அணுகலாகாதென்பது ஏற்பாடு. அந்நாட்களில், அத்தியானத்தை மேற்கொண்ட பிக்குகளுட் பலர் தம் உடலின்மீதே அருவருப்புக் கொண்டனர். அருவருப்பு முற்றி வெறுப்பாயிற்று. வெறுப்பு முற்றி, உயிர் வாழ்தலே வேண்டாவென்னும் நிலை வந்தது. பலர் மாண்டனர். தனிமையினின்றும் வெளிவந்த பகவர் முதலில் நோக்கியது யாது? கூட்டம் குறைந்திருந்ததை நோக்கினார். சங்கம் ஏன் மெலிந்தாற்போற் காணப்படுகின்றதென்று ஆனந்தரை வினவினார்.

அன்பர்களே! அந்த ஒரு வினாவைப் பற்றியே இன்று நாம் பேச விழைகின்றோம். வந்திருப்பவரை எண்ணி மகிழ்தல் எவர்க்கும் எளிது. வராதவரை எண்ணி, அவர் எங்கே, அவருக்கு என்ன நேர்ந்தது என்று கேட்டல் அன்புடையார்க்கே இயலும். பௌர்ணமிதோறும் நம் விகாரையில் பாய் விரிக்கின்றோம்; மலர் வைக்கின்றோம்; திரிசரணமும் பஞ்சசீலமும் ஓதுகின்றோம். சென்ற ஆண்டு முன்வரிசையில் அமர்ந்து உரக்க ஓதிய பிள்ளை இவ்வாண்டு ஏன் வரவில்லையென்று நம்முள் எத்தனை பேர் கேட்கின்றோம்? "படிப்பு இருக்கும்", "வேலை இருக்கும்" என்று நாமே விடை கூறிக்கொண்டு விளக்கை ஏற்றுவதோடு நின்றுவிடல் போதுமா?

நம் நாட்டில் 2022ஆம் ஆண்டில் 1,70,924 பேர் தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொண்டனர் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் கணக்குக் கொடுத்துள்ளது. அவருள் 13,044 பேர் மாணவர். இஃது ஏதோ அயலார் வீட்டுச் செய்தியன்று. தலைமுறை தலைமுறையாகக் கல்வி மறுக்கப்பட்டு, இப்போதுதான் கல்லூரி வாயிலை மிதித்த குடும்பங்கள் நம் குடும்பங்கள். அவ்வாயிலைக் கடந்த பிள்ளைக்கு உள்ளே என்ன நேர்கின்றதென்பதை அறிதல் நமது கடமை.

பகவர் செய்தவை

வைசாலியில் பகவர் வினவியதோடு நின்றாரில்லை. ஆனந்தர் நடந்ததை ஒளிவுமறைவின்றிக் கூறினார். பகவர் அருளிய தியானமே பலர் உள்ளத்தில் வெறுப்பை விளைத்ததென்றும், வேறொரு வழியைப் பிக்குகளுக்குக் காட்டியருள வேண்டுமென்றும் விண்ணப்பித்தார். ஆசிரியர் முன் ஒரு சீடர் இவ்வாறு கூறத் துணிந்ததையும், ஆசிரியர் அதனைச் செவிமடுத்ததையும் நாம் கருத்தில் கொள்ளவேண்டும். உடனே வைசாலியைச் சுற்றி வாழ்ந்த பிக்குகள் அனைவரும் அழைக்கப்பட்டனர். மனந்தளர்ந்தவரை மட்டும் தனியே பிரித்து நிறுத்தவில்லை. எல்லோரும் ஒருங்கே அமர்ந்தனர். அவர்களுக்குப் பகவர் மூச்சின் வரவையும் செலவையும் அறிந்திருக்கும் ஆனாபானசதி என்னும் தியானத்தைப் போதித்தார். கோடையின் கடைசி மாதத்தில் எழும் புழுதியை, காலமல்லாக் காலத்துப் பெய்யும் பெருமழை அடக்குவதுபோல, இத்தியானம் மனத்தில் எழும் தீய எண்ணங்களை அடக்குமென்று உவமையும் காட்டினார்.

இதன் பின்னரே, உயிரைப் போக்குதல் தகாதென்று கடிந்து, அதற்குரிய விதியையும் வகுத்தார். இவ்வரிசையை நன்கு நோக்குங்கள். முதலில் வினா, அடுத்துச் செவி, அடுத்து மருந்து, இறுதியிலேதான் கண்டிப்பு. நம் வீடுகளிலோ பெரும்பாலும் இவ்வரிசை தலைகீழாக நடக்கின்றது. பிள்ளை வாடியிருந்தால் முதலில் கண்டிப்பு, "உனக்கென்ன குறை?" என்னும் அதட்டல், விடை வருவதற்கு முன்பே அறிவுரை, மருந்தின் நினைவு கடைசியில். பல வீடுகளில் அதுவும் இல்லை.

மற்றொன்றும் ஈண்டு விளங்குகின்றது. நல்லதோர் போதனையும் எல்லோருக்கும் எல்லா வேளையிலும் ஒவ்வாது. ஆகவே, உள்ளம் உடைந்து நிற்கும் பிள்ளையைப் பார்த்து, "தனியே அமர்ந்து தியானம் செய், எல்லாம் சரியாகும்" என்று கூறி அறைக்கதவைச் சாத்திவிடுதல் தம்மத்திற்கு உகந்த செயலன்று. தனிமையே நோயாகியிருப்பவனுக்குத் தனிமையையே மருந்தாகக் கொடுப்பதெங்ஙனம்?

பாவமன்று, நோய்

நோய் இருவகைப்படும், உடல் நோயென்றும் உள நோயென்றும் பகவர் பகுத்துரைத்தார். ஓராண்டு, ஈராண்டு, ஏன், நூறாண்டும் உடல் நோயின்றி வாழ்ந்தேன் என்று கூறுவோர் இருத்தல் கூடும். ஆசவங்களை அறவே ஒழித்த அருகதரையன்றி, உள நோயின்றி ஒரு கணமேனும் இருந்தேன் என்று கூறத்தக்கவர் உலகில் அரியர் என்பதும் அவர் வாக்கின் கருத்தேயாம். உள்ளம் நோயுறுதல் மனிதர் அனைவர்க்கும் பொதுவென்று கூறிய சாத்தாவின் வழிவந்த நாம், அதனை ஒரு குடும்பத்தின் இழுக்காகக் கருதலாமா?

"எல்லாம் அவன் செய்த பூர்வ கன்மம்" என்று கூறுவாரும் நம்மிடையே உளர். பழைய பழக்கத்தில் வந்த சொல் அது. சீவகன் என்னும் பரிவிராசகர் இதே கருத்தைப் பகவரிடம் கொணர்ந்தார். மனிதர் நுகரும் இன்ப துன்பமெல்லாம் முன்வினைப் பயனே என்று சிலர் கூறுகின்றனரே, அஃது உண்மையா என்று வினவினார். பகவர் அதனை ஏற்றாரில்லை. பித்தத்தால் வரும் துன்பமுண்டு. கபத்தாலும் வாதத்தாலும் இம்மூன்றும் கூடுதலாலும் வருவனவுண்டு. பருவ மாற்றத்தாலும், தகாத நடையாலும், பிறர் செய்யும் தாக்குதலாலும் வருவனவுண்டு. வினைப்பயன் இவ்வெட்டனுள் ஒன்றே என்று விளக்கினார். "பிறர் செய்யும் தாக்குதல்" என்னும் காரணத்தைப் பகவரே எண்ணி வைத்திருக்க, ஜாதியின் பெயரால் அடிபட்டு மனமுடைந்த பிள்ளையைப் பார்த்து அவன் கன்மம் என்று கூறுவது அறமாகுமா?

வேறு சிலர், வாழ்வே துக்கமென்று புத்தரே கூறிவிட்டாரேயென்பர். துக்கம் உண்டு என்பது மருத்துவர் நாடி பிடித்துக் கூறும் முதற் சொல். நோயின் காரணம், நோய் நீங்குதல், நீக்கும் வழி ஆகிய மூன்றும் அதனைத் தொடர்ந்து வருகின்றன. முதலாம் வாய்மையை மட்டும் கேட்டுவிட்டு எழுந்து செல்பவர், நோயின் பெயரைக் கேட்டு மருந்து வாங்காமல் வீடு திரும்பியவரை ஒப்பர்.

மருந்தை நாடுதல் நம்பிக்கைக் குறைவாகாது. 1898ஆம் ஆண்டில் கொழும்பு சென்று தீட்சை பெற்றுத் தமிழ்நாட்டில் பௌத்தத்தை மீண்டும் தழைக்கச் செய்த பண்டிதமணி அயோத்திதாசர் தொழிலால் ஒரு சித்த மருத்துவர் என்பதை நாம் மறத்தலாகாது. நாடி பார்த்து மருந்து கொடுத்த கைகளே நமக்குத் தம்மத்தையும் எடுத்துக் கொடுத்தன. இரண்டு வாரங்களுக்கு மேலாக ஒரு பிள்ளைக்கு உறக்கம் கெட்டு, உணவு குறைந்து அல்லது மிகுந்து, முன்பு விரும்பியவற்றிலெல்லாம் விருப்பம் அற்று, தன்னைத் தானே பழித்துக்கொள்ளும் நிலை நீடிக்குமாயின், அது சோம்பலன்று, திமிரன்று; மனச்சோர்வு நோய் என்று ஐயுற்று மருத்துவரை அணுகவேண்டும். இந்நோய்க்குச் சிகிச்சை உண்டு. மருந்து பயனளிக்கச் சில வாரங்கள் செல்லும்; ஆதலின் இரண்டு நாள் உண்டு பயனில்லையென்று நிறுத்துதலும், சற்றே தெளிந்தவுடன் மருத்துவரைக் கேளாமல் விடுதலும் தவறு.

முதல் அம்பும் இரண்டாம் அம்பும்

அம்பினால் எய்யப்பட்ட ஒருவன்மீது இரண்டாம் அம்பும் பாய்வதாகப் பகவர் கூறிய உவமையை நாமறிவோம். உடலில் தைத்த முதல் அம்பு வலியைத் தருகின்றது. அவ்வலியை எண்ணியெண்ணி மனம் படும் வேதனை இரண்டாம் அம்பு. இவ்வுவமையை நம் பிள்ளைகளின் நிலைக்குப் பொருத்திப் பாருங்கள்.

விடுதியில் உடன் உண்ண மறுப்பவரின் பார்வை ஓரம்பு. உதவித்தொகை வாராமல் கட்டணம் கட்டத் தவணை கேட்டு நிற்கும் நாள் ஓரம்பு. குடும்பத்தில் முதலாவதாகப் படித்தவன் என்பதால், தாய் தந்தை, உடன்பிறந்தார் அனைவருடைய எதிர்பார்ப்பும் ஒரே முதுகின்மேல் ஏறி நிற்றல் ஓரம்பு. கோலார் தங்கவயலில் 2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டபின் பிறந்த பிள்ளைகள், சொந்த ஊரில் வேலையின்றி, விடியுமுன் இரயிலேறிப் பெங்களூர் சென்று இரவில் திரும்புகின்றனர். களைத்து வரும் அவர்களுக்கு மனத்திலுள்ளதைச் சொல்ல நேரமுமில்லை, கேட்பாருமில்லை. இவையெல்லாம் முதல் அம்புகள். இவற்றை எய்தவர் அப்பிள்ளைகளல்லர்.

இரண்டாம் அம்பையோ, பலவேளைகளில் உற்றாரே அறியாமல் எய்துவிடுகின்றனர். "பாபாசாகேப் எவ்வளவு துன்பப்பட்டும் கலங்கினாரா? நீ இதற்கே அழுகின்றாயே" என்னும் சொல் அத்தகையதோர் அம்பு. இச்சொல்லைக் கூறுவோர் பாபாசாகேப் அம்பேத்கரின் வாழ்வை முற்றும் அறியாதவர்.

1917ஆம் ஆண்டு, அயல்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் பயின்று மீண்ட அவர், பரோடா சமஸ்தானத்தில் பணியேற்கச் சென்றார். தங்குவதற்கு இடங்கொடுப்பார் இல்லை. பார்சிகளின் விடுதியொன்றில் பெயரை மறைத்துத் தங்கினார். 11ஆம் நாள், தடியேந்திய கூட்டமொன்று வந்து சூழ்ந்து, மாலைக்குள் வெளியேற வேண்டுமென்று மிரட்டியது. நண்பர்களிடம் கேட்டும் இடம் கிடைக்காமல், ஒரு பொதுப் பூங்காவிற் சென்று அமர்ந்தார். 18 ஆண்டுகளுக்குப் பின் அதனை எழுதியபோதும், கண்ணீரின்றி அந்நிகழ்ச்சியை நினைக்க இயலவில்லையென்று அவரே குறித்துள்ளார். 1926ஆம் ஆண்டில் தம் இளமகன் ராஜரத்னாவைப் பறிகொடுத்தபோதும் அவர் துயரில் ஆழ்ந்தார். அழாதவரல்லர் அவர், அழுதும் எழுந்தவர். கண்ணீரை மறைக்காமல் எழுதி வைத்ததும் அவர் நமக்கு விட்டுச்சென்ற செல்வமேயாம். அப்பெரியாரின் பெயரைக் கொண்டு ஒரு பிள்ளையின் அழுகையை அடைத்தல் அவருக்குச் செய்யும் மரியாதையாகாது.

முதல் அம்பை எய்பவரை எதிர்த்து நீதிக்குப் போராடுதல் நமது கடமை. மருந்து ஜாதியை ஒழிக்காது. ஆனால் நீதி வருமளவும் மருந்தை நிறுத்தி வைத்தலும் கூடாது. அம்பு எய்தவனைத் தேடிச் செல்வோர் செல்லட்டும்; அம்பு தைத்தவனருகில் ஒருவர் அமர்ந்தேயாகவேண்டும்.

இறப்பைப் புகழாதீர்

2016 ஜனவரி 17ஆம் நாள், ஐதராபாத்துப் பல்கலைக்கழக விடுதியினின்றும் விலக்கப்பட்டிருந்த ஆராய்ச்சி மாணவர் ரோகித் வெமுலா தம்முயிரை மாய்த்துக்கொண்டார். நாடெங்கும் மாணவர் பொங்கியெழுந்தனர். அவ்வாண்டே ஏப்ரல் 14ஆம் நாள், பாபாசாகேப் பிறந்த நன்னாளில், அவருடைய தாயார் ராதிகாவும் தம்பி ராஜாவும் மும்பையில் பௌத்த தம்மத்தைத் தழுவினர். ஆதலின் அத்தாயார் நமக்குத் தம்ம சகோதரியுமாவார். அவர் நீதி கேட்டு நின்ற குரல் நம் குரலேயாகும்.

எனினும் இவ்விடத்தில் ஒரு நுண்ணிய வேறுபாட்டை நாம் காத்தல் வேண்டும். அநீதியை உரக்கக் கூறுதல் வேறு. இறப்பைப் புகழ்தல் வேறு. வைசாலியில் வகுக்கப்பட்ட மூன்றாம் பாராசிக விதியை நோக்குங்கள். ஒருவரைக் கொல்லும் பிக்கு மட்டுமன்று, ஒருவரிடம் இறப்பின் சிறப்பைப் புகழ்ந்துரைத்து அவரை இறக்கத் தூண்டும் பிக்குவும் சங்கத்தினின்றும் நீங்கியவராவர். நோயுற்றுக் கிடந்த ஓர் உபாசகரிடம் சிலர் மரணத்தை ஏற்றிப் பேச, அவர் அதனை நம்பி மாண்டதே இவ்விதி விரிவடைந்ததற்குக் காரணம். சொல்லும் உயிரைக் குடிக்குமென்பதைப் பகவர் அன்றே கண்டார். ஒருவர் தம்மை மாய்த்துக்கொண்ட செய்தியை வீரமாகவும் விடையாகவும் அலங்கரித்துப் பரப்பினால், அதே துயரில் நிற்கும் பிறரும் அவ்வழியை நாடும் அபாயம் உண்டென்று இன்றைய மருத்துவ அறிஞரும் கூறுகின்றனர்.

ஆகவே, மறைந்த இளைஞரை நினைவுகூரும் கூட்டங்களில் அவர் வாழ்ந்த வாழ்வைப் பேசுங்கள். அவர் விரும்பிய கல்வியைப் பேசுங்கள். அவருக்கிழைத்த கொடுமையைப் பேசுங்கள். அவர் இறந்த முறையைப் பேசாதீர்கள். அவர் இறப்பால் சாதித்தாரென்று மேடையில் முழங்காதீர்கள். அக்கூட்டத்தின் கடைசி வரிசையில், இருண்ட மனத்தோடு அமர்ந்து ஒருவன் கேட்டுக்கொண்டிருக்கலாம். அவர் உயிரோடிருந்திருந்தால் நமக்கு இன்னும் எவ்வளவு நன்மை விளைந்திருக்கும் என்பதையே அவன் செவியில் விழச் செய்யுங்கள்.

நோயாளிக்கு உதவுவோர்

ஒருகால் பகவரும் ஆனந்தரும் விகாரையைச் சுற்றி வருகையில், வயிற்றுக்கடுப்பால் தன் கழிவிலேயே கிடந்த பிக்கு ஒருவரைக் கண்டனர். உன்னைக் கவனிப்பார் இல்லையா என்று பகவர் கேட்டார். இல்லை என்றார் அவர். ஏன் என்று கேட்டதற்கு, நான் பிற பிக்குகளுக்கு எவ்வுதவியும் செய்வதில்லை, ஆதலால் அவர்கள் என்னைக் கவனிப்பதில்லை என்றார். "நான் எவருக்கும் பயன்படாதவன், நான் ஒரு பாரம்" என்று இன்றும் மனச்சோர்வுற்ற இளைஞர் கூறும் சொல்லும் இதுவேயன்றோ? பகவர் அச்சொல்லை எதிர்த்து வாதாடவில்லை. ஆனந்தரை நீர் கொணரச் செய்தார். தாமே நீர் வார்த்தார். இருவருமாகத் தூக்கிக் கட்டிலிற் கிடத்தினர். அதன்பின் பிக்குகளை அழைத்து, உங்களைக் கவனிக்கத் தாயில்லை, தந்தையில்லை. நீங்களே ஒருவரையொருவர் கவனிக்காவிடில் வேறு யார் கவனிப்பாரென்று கேட்டார். தம்மைப் பேண விரும்புவோர் நோயுற்றவரைப் பேணுக என்றும் கூறியருளினார்.

நோயாளியைப் பேணுவோருக்கு வேண்டிய ஐந்து குணங்களையும் அவ்விடத்தே எண்ணிக் கூறினார். அவற்றை நம் காலத்திற்கேற்ப விளக்குவோம்.

முதலாவது, மருந்து கூட்டத் தெரிதல். நாம் மருத்துவரல்லேம், ஆனால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லத் தெரியவேண்டும். மாவட்ட அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. பெங்களூரில் நிம்ஹான்ஸ், சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் அரசு மனநல நிலையம் உள்ளன. 2022 அக்டோபர் 10 அன்று மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் என்னும் தொலைபேசிச் சேவையை 14416 என்னும் எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். இவ்வெண்ணை விகாரைச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள். உயிருக்கு ஆபத்து நேரும் நிலையாயின் 112ஐ அழையுங்கள். போலீஸ் வழக்கு வருமென்றஞ்சி மருத்துவமனைக்குச் செல்லாதிருப்பவர் பலர். அவ்வச்சம் வேண்டா. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதுக, தண்டிக்கற்க என்கின்றது. அவருக்குப் பராமரிப்பும் சிகிச்சையும் அளித்தலை அரசின் கடமையாக்கியுள்ளது.

இரண்டாவது, தகாததை நீக்கித் தக்கதைக் கொடுத்தல். வாழ்வை வெறுத்த நிலையில் ஒருவர் வீட்டில் இருக்கும்போது, உயிருக்கு ஊறு செய்யத்தக்க மருந்தும் நஞ்சும் பிறவும் அவர் கைக்கெட்டாதபடி அப்புறப்படுத்துங்கள். அவ்வெண்ணம் அலைபோல் உயர்ந்து தணியும் இயல்புடையது. உயரும் அவ்வேளையில் அபாயம் அருகில் இல்லாதிருத்தலும், துணை அருகில் இருத்தலும் பல உயிர்களைக் காத்துள்ளன.

மூன்றாவது, ஆதாயம் கருதாமல் அன்பினால் செய்தல். பிள்ளை தேர்வில் தேறவேண்டும், வேலைக்குப் போகவேண்டும் என்பதற்காக அவன் தேறவேண்டும் என்று விரும்புதல் அன்பாகாது. அவன் தேறாவிடினும் நம் பிள்ளையே என்பதை வாய் திறந்து சொல்லுங்கள். அவன் அறிவான் என்றிருந்துவிடாதீர்கள்.

நான்காவது, அருவருப்பின்மை. உள்ளத்தின் புண்ணைத் திறந்து ஒருவன் பேசும்போது கேட்கக் கூசும் சொற்கள் வரும். நம்மைக் குறைகூறும் சொற்களும் வரும். முகஞ்சுளிக்காமல் கேளுங்கள். இறந்துவிடும் எண்ணம் உண்டா என்று நேராகக் கேட்கவும் அஞ்சாதீர்கள். கேட்டால் இல்லாத எண்ணம் புகுந்துவிடுமென்பது வீண் பயம். கேட்பதால் அவ்வெண்ணம் விதைக்கப்படுவதில்லை என்றும், சுமையை இறக்கி வைக்க அது வழி திறக்குமென்றும் ஆராய்ந்தோர் கண்டுள்ளனர். "தம்பி, சில நாளாக நீ வாடியிருப்பதைப் பார்க்கிறேன். வாழவே வேண்டாம் என்று உனக்குத் தோன்றுகிறதா? எதுவாயினும் சொல், நான் இங்கேயே இருக்கிறேன்" என்னும் அளவே போதும். ஆம் என்று விடை வருமாயின் தனியே விட்டுச் செல்லாதீர்கள். எவருக்கும் சொல்லமாட்டேன் என்று வாக்கும் கொடாதீர்கள். மருத்துவரிடம் உடன் செல்லுங்கள்.

ஐந்தாவது, வேளையறிந்து தம்ம மொழியால் மகிழ்வித்தல். இது கடைசியில் வைக்கப்பட்டிருப்பதைக் காண்க. மருந்தும் நீரும் பாதுகாப்பும் அன்பும் முன்னே, உபதேசம் பின்னே.

நம் சங்கங்கள் செய்யத்தக்கது பெரிதொன்றுமில்லை. ஒவ்வொரு பௌர்ணமியிலும் வாராத இளைஞரின் பெயரைக் குறித்து, மறுநாளே ஒருவர் அவர் வீடு செல்க. வெளியூர் விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைகளுக்கு மாதந்தோறும் ஒருவர் தொலைபேசியில் பேசுக. மதிப்பெண்ணைக் கேளாமல், உண்டாயா, உறங்கினாயா, உடன் பேசுவார் உளரா என்று கேட்க. தேர்வு முடிவு வரும் நாட்களில் நம் விகாரைக் கதவு இரவிலும் திறந்திருக்க. நல்ல நட்பு பிரமசரியத்தின் பாதி என்று ஆனந்தர் கூறியபோது, பாதியன்று, முழுவதுமே என்று பகவர் திருத்தினாரல்லவா? அந்த முழுமை இத்தகைய சிறு செயல்களிலேதான் விளங்கும்.

இளைஞர்க்கு

இதனை வாசிக்கும் இளைஞனே, இளநங்கையே! உன் உள்ளத்தில் அவ்விருள் சூழ்ந்திருக்குமாயின், உன்னோடு ஒரு சொல்.

நீ தம்மத்திற்குப் புறம்பானவனல்லை. 25 ஆண்டுகள் துறவு பூண்டும் ஒரு நொடியளவும் மன அமைதி கிட்டாமல் வாழ்வை வெறுத்து நின்ற சப்பதாசர் என்னும் பிக்கு இருந்தார். 7 ஆண்டுகள் உடல் வெளிறி, இளைத்து, இரவும் பகலும் இன்பங் காணாமல் அலைந்த சீகை என்னும் பிக்குணி இருந்தார். இவர்கள் வாழ்வு அவ்விருளோடு முடியவில்லை. இருவரும் விடுதலை எய்தினர். சங்கம் அவர்களை மறைக்கவுமில்லை. அவர்கள் குரல் தேரகாதையிலும் தேரிகாதையிலும் இன்றளவும் காக்கப்பட்டு வருகின்றது.

பதாசாரையை நினைத்துக்கொள். கணவன், இரு மக்கள், தாய், தந்தை, உடன்பிறந்தான் ஆகிய அனைவரையும் அடுத்தடுத்து இழந்து, அறிவு மயங்கி, ஆடையும் நழுவியதறியாமல் சாவத்தி வீதிகளில் அலைந்தாள். பித்தியென்று மக்கள் விரட்டினர். பகவர் போதித்துக்கொண்டிருந்த இடத்திற்கு அவள் வந்தபோதும் தடுக்க முயன்றனர். தடுக்கவேண்டாமென்று பகவர் கூறினார். அருகில் வரச்செய்து, தங்கையே என்றழைத்து, நினைவு திரும்பப் பெறுக என்று பரிவுடன் மொழிந்தார். கூட்டத்தில் ஒருவன் தன் மேலாடையை அவள்மீது போர்த்தினான். அன்றே அவள் துயர் முற்றும் ஒழியவில்லை; ஆனால் அன்று அவள் தனியளல்லளானாள். பின்னாளில் விநயம் அறிந்த பிக்குணிகளுள் தலையாயவர் என்று பகவராலேயே போற்றப்பெற்றார். மக்களை இழந்து கதறி வந்த பெண்கள் பலருக்கு அவரே ஆறுதலும் வழியுமானார். அவள் அத்துயர நாளோடு முடிந்திருந்தால், அப்பெண்கள் யாரிடம் சென்றிருப்பர்?

நீ இன்று உணர்வது உண்மை. அது பொய்யென்று நாம் கூறோம். ஆனால் எல்லாம் அநித்தியம் என்னும் போதனை இன்பத்திற்கு மட்டும் உரியதன்று. உன் இருளுக்கும் உரியது. அதுவும் மாறும். அது மாறும்வரை ஒருவர் துணை வேண்டும். இன்றிரவே ஒருவரிடம் சொல். தாயிடம் கூறக் கூசினால் தோழனிடம் சொல். தோழனில்லையேல் 14416ஐ அழை. எம் விகாரைக் கதவைத் தட்டு. அழகாகச் சொல்லவேண்டுமென்பதில்லை. "எனக்கு முடியவில்லை" என்னும் இரண்டு சொற்களே போதும். முதலில் கேட்டவர் செவிகொடாவிடில் இரண்டாமவரிடம் சொல். சொல்லுவதை மட்டும் நிறுத்தாதே.

பெரியோர்களே! அடுத்த பௌர்ணமிக்கு விளக்கேற்றுமுன் ஒருமுறை திரும்பி, அமர்ந்திருப்போரைப் பாருங்கள், அமராதிருப்போரையும் பாருங்கள். சங்கம் ஏன் மெலிந்தது என்று கேட்பார் உள்ள இடத்தில் சங்கம் மெலியாது.

நமோ புத்தாய!